பெட்டியில் கிடக்கும் டிவிடி-ஆர்டபிள்யூவை இன்னும் நம்பலாமா?

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறீர்கள். ஆபீஸ் அறையில் டிவிடி டிரைவோடு ஒரு பழைய கணினி இருக்கிறது. அலமாரியைச் சுத்தம் செய்தபோது அழித்து அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ வட்டுகளின் பிரிக்காத டப்பா ஒன்று, 25 வட்டுகளோடு கிடைத்திருக்கிறது. டேலி கணக்கு மென்பொருளின் பேக்கப், பாவு நூல் வந்ததும் துணி போனதும் எழுதிய எக்செல் கணக்கு, பில் ஸ்கேன், கூடவே வீட்டு விசேஷ வீடியோக்கள் என எல்லாவற்றையும் இதில் ஏற்றி வைக்க நினைக்கிறீர்கள். "இன்னும் இதை நம்பி வைக்கலாமுங்களா, இல்ல குப்பைல போட்டுடலாமுங்களா?" என்பது உங்கள் கேள்வி. வட்டு வேலை செய்யுமா என்பது இதில் சின்ன சந்தேகம்தான், பெரும்பாலும் செய்யும். கணினி ஒருநாள் படுத்துவிட்டால் இந்த வட்டு உங்கள் கணக்கைத் திருப்பிக் கொடுக்குமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

குப்பையில் போட வேண்டாம். வாரா வாரம் மாறிக்கொண்டே இருக்கும் கணக்குக்கு, கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் போக மூன்றாவது பிரதியாக இந்த வட்டுகள் இன்றைக்கும் உதவும். ஆண்டு முடிந்து மூடிய கணக்கையோ கல்யாண வீடியோவையோ இதில் மட்டும் வைத்துவிட்டு மற்ற இடத்தில் அழிக்காதீர்கள். அழித்து எழுதும் வட்டு, மாற்றி மாற்றி எழுதும் சுற்றில் ஓடும் தரவுக்கானது, எடுத்துப் பூட்டி வைப்பதற்கானது அல்ல. இதன் காரணம் வட்டின் உள்ளேயே இருக்கிறது.

ஒருமுறை மட்டும் எழுதும் சாதாரண டிவிடி-ஆர் வட்டில் ஒரு சாயப் படலம் உண்டு. லேசர் அதைச் சுட்டுவிடும், சுட்டது சுட்டதுதான். ஆர்டபிள்யூ வட்டில் சாயம் கிடையாது. வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெலுரியம் போன்றவை கலந்த மெல்லிய உலோகக் கலவைப் படலம் இருக்கும். லேசர் அதைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கி உருக்கி, சட்டென்று ஆறவிட்டால் அந்த இடம் ஒழுங்கற்றுப் போய் ஒளியைக் குறைவாகத் திருப்பும். சுமார் 200 டிகிரி அளவில் மிதமாகச் சூடாக்கினால் மீண்டும் படிகமாகி ஒளியை நன்றாகத் திருப்பும். எழுதுவதும் அழிப்பதும் இந்த இரண்டு நிலைகளுக்கு இடையே நடக்கும் மாற்றம்தான். இந்த வட்டு திருப்பும் ஒளி எப்போதுமே குறைவு. கடையில் வாங்கும் பாட்டு சிடி 70 சதவீதம் ஒளியைத் திருப்பினால், சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான் திருப்பும். பழைய கார் பிளேயரும் வீட்டு டிவிடி பிளேயரும் இந்த வட்டைக் கண்டதும் "நோ டிஸ்க்" என்று சொல்வது இதனால்தான். வட்டில் கோளாறு இருக்காது, அந்தப் பிளேயரின் கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை. டிரைவின் லென்ஸ் கொஞ்சம் மங்கினாலும் முதலில் தடுமாறுவது இந்த வகை வட்டில்தான்.

எத்தனை முறை அழித்து எழுதலாம் என்று பலரும் கவலைப்படுகிறார்கள். சிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ஆர்டபிள்யூ, டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ மூன்றுக்கும் சுமார் 1,000 முறை என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. ஆறு வட்டுகளை எடுத்து, வருஷத்துக்கு 300 வேலை நாள் தினமும் மாற்றி மாற்றி எழுதினாலும் ஒரு வட்டுக்கு ஆண்டுக்கு 50 முறைதான் வரும். 1,000-ஐத் தொட 20 ஆண்டு ஆகும். அதற்கு முன்பே கீறலும் தூசியும் விரல் எண்ணெயும் வட்டைக் கெடுத்துவிடும். ஆக, எண்ணிக்கையைப் பற்றிய பயத்தை விட்டுவிட்டுக் கையாளும் விதத்தில் கவனம் வையுங்கள்.

எழுதிய தரவு எத்தனை வருஷம் நிற்கும் என்பது இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடியதல்ல. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003-ல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு, அழித்து எழுதும் வட்டுகளுக்கு 25 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றது. ஒருமுறை எழுதும் வட்டுகளுக்கு 100 முதல் 200 ஆண்டு என்றது. இரண்டுமே தயாரிப்பாளர்களின் பொதுக் கருத்தாக அதில் சொல்லப்பட்டவை. இப்படிப்பட்ட எண்கள் அதிக வெப்பத்திலும் ஈரத்திலும் வட்டை வைத்துச் சோதித்து, அதிலிருந்து கணக்கிட்டு வருபவை. குளிரூட்டிய அறையில், நல்ல வட்டுக்கு, நன்றாக எழுதியிருந்தால் என்ற நிபந்தனைகள் அதன் பின்னால் இருக்கின்றன. சித்திரை வெயிலில் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே இருக்கும் அலமாரிக்கு அந்த எண் பொருந்தாது. மலிவு வட்டுகள் ஐந்தாறு ஆண்டுக்குள் படிக்காமல் போவதும் உண்டு. எனவே ஐந்து ஆண்டுக்கு மேல் எந்த ஆர்டபிள்யூ வட்டையும் நம்பித் திட்டம் போடாமல் இருப்பது நல்லது. இது என் கணிப்பு, சோதனைச்சாலை முடிவல்ல.

டிவிடியில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. தரவோடு சேர்த்துப் பிழை திருத்தும் குறியீடும் எழுதப்படுவதால், வட்டு கெட ஆரம்பித்தாலும் டிரைவ் உள்ளுக்குள்ளேயே திருத்திக்கொண்டு நமக்குச் சரியான ஃபைலைத்தான் கொடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. திருத்த முடிகிற எல்லையைத் தாண்டிய அன்று, நேற்றுவரை திறந்த வட்டு இன்று திறக்காது. "போன மாசம் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்வதில் பொய் இல்லை, ஆனால் அது எதையும் நிரூபிக்காது. முன்கூட்டியே தெரியும் அடையாளம், படிக்கும் வேகம் விழுவது. ஒரே அளவு ஃபைலை நகலெடுக்கும்போது வழக்கத்தைவிட நேரம் பிடித்தாலோ, டிரைவ் நின்று நின்று திரும்ப வேகமெடுக்கும் சத்தம் கேட்டாலோ, அந்த வட்டைச் சுற்றிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, வட்டின் பிழை எண்ணிக்கையைக் காட்டும் நீரோ டிஸ்க்ஸ்பீட், லினக்ஸில் கியூபிஎக்ஸ்டூல் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. டிவிடிக்கு ஒப்புக்கொண்ட உச்ச வரம்பு, டிரைவ் தானே திருத்தக்கூடிய பிழை (மென்பொருளில் 'பிஐ' என்று காட்டும்) தொடர்ந்த எட்டுத் தரவுக் கட்டங்களில் 280. ஆனால் எல்லா டிரைவும் இந்த எண்ணை வெளியே கொடுக்காது.

உங்கள் டப்பாவில் இருப்பது மைனஸா (DVD-RW) பிளஸா (DVD+RW) என்று முதலில் பாருங்கள். பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் நடத்தை வேறு. பிளஸ் ஆர்டபிள்யூ வட்டைத் தனியாக அழிக்கத் தேவையில்லை, பழையதன் மேலேயே எழுதலாம். மைனஸ் ஆர்டபிள்யூவை அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அழிப்பதில் விரைவு, முழுமை என இரண்டு வகை. விரைவு முறை ஓரிரு நிமிடத்தில் முடியும், ஆனால் அட்டவணைப் பகுதி மட்டுமே போகும். அப்படி அழித்த மைனஸ் வட்டில் ஒரே மூச்சில் முழுசாக எழுதி முடிக்கத்தான் முடியும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுத டிரைவ் மறுத்துவிடும். வட்டு கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். ஒருமுறை முழுமையாக அழித்தால் சரியாகிவிடும். அதற்கு ஒரு வட்டு எழுதும் நேரமே ஆகும், 2 மடங்கு (வட்டில் 2x என்றிருக்கும்) வேகத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம், 4 மடங்கில் கால் மணி நேரம்.

எழுதும் முறையைச் சொல்கிறேன். விண்டோஸில் வெற்று வட்டைப் போட்டதும், பென்டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி அல்லது டிவிடி பிளேயருக்கு ஏற்றபடி எழுதவா என்று கேட்கும். பென்டிரைவ் வழி வசதியாகத் தெரியும், கணக்குக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் ஃபைலை இழுத்து விட்டதும் எழுதிக்கொண்டே இருக்கும், ஃபைல் பட்டியல் அடிக்கடி திருத்தப்படும், முறையாக வெளியே எடுக்காமல் கரண்ட் போனால் அந்தப் பட்டியலே போய்விடும். இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளை வைத்து, எல்லா ஃபைலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே முறையில் எழுதி முடியுங்கள். எழுதியபின் சரிபார்க்கும் 'வெரிஃபை' கட்டத்தில் கட்டாயம் டிக் இருக்கட்டும். 4 மடங்கு வேகத்தில் முழு வட்டை எழுத 14 நிமிடம், சரிபார்ப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 25 நிமிடம். வேகத்தை உச்சத்திலும் வைக்க வேண்டாம், வலுக்கட்டாயமாக 1 மடங்குக்கும் இறக்க வேண்டாம். மெதுவாக எழுதினால் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை இந்த வகைக்குப் பொருந்தாது. படலம் உருகி ஆறும் கணக்கு வட்டின் மேல் அச்சிட்ட வேகத்துக்கு ஏற்ப அமைந்தது. 4 மடங்கு பிளஸ் வட்டுக்கு 2.4 அல்லது 4, மைனஸ் வட்டுக்கு 2 அல்லது 4 போதும்.

எழுதும் முன் டேலியை மூடிவிட்டு, அதன் பேக்கப் வழியாகவே எடுத்த ஃபைலையும் எக்செல், ஸ்கேன் ஃபோல்டர்களையும் தேதி போட்ட ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அதை வின்ரார் வைத்துச் சுருக்கி, 'ரெகவரி ரெக்கார்ட்' 10 சதவீதம் சேருங்கள். வட்டின் சில இடங்கள் படிக்காமல் போனாலும், கிடைத்த பகுதியைக் கொண்டு ஃபைலைச் சீர்செய்ய அது உதவும். டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும் கணினி 4.37 அல்லது 4.38 என்றுதான் காட்டும். அதிலும் 4 ஜிபிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தரவு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுவதால், விரல் படுவதும் கெட ஆரம்பிப்பதுமான வெளி விளிம்பு அப்போது காலியாக இருக்கும். ஒரு சின்ன தறிக்கூடத்தின் கணக்கு 4 ஜிபியைத் தொடவே தொடாது, அதனால் ஒரே சுருக்கிய ஃபைலை இரண்டு பெயரில் இரண்டு முறை போட்டாலும் இடம் இருக்கும்.

ஐந்து வட்டுகளை எடுத்து, நடுத்துளையைச் சுற்றியுள்ள ஒளி ஊடுருவும் வளையத்தில் சிடி மார்க்கரால் 1 முதல் 5 வரை எண் போடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுற்றும்போது எடை சமமில்லாமல் ஆடும். வாரத்துக்கு ஒன்றாகச் சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும் எழுதுங்கள். எப்போதும் கடைசி ஐந்து வாரத்துக் கணக்கு கையில் இருக்கும். அதில் சமீபத்திய வட்டை வேறு ஒரு வீட்டில் வையுங்கள். கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், இணைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், தானாக ஒத்திசையும் இணையச் சேமிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிரைவுக்கு வெளியே டப்பாவில் இருக்கும் வட்டை அதனால் தொட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் டப்பாவை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு வட்டிலிருந்து டேலியில் திருப்பி ஏற்றிப் பாருங்கள். அப்போது 'ரெஸ்டோர்' செய்யும் இடமாக இப்போது ஓடும் கணக்கின் ஃபோல்டரைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய கணக்கு புதியதன் மேல் ஏறி, இந்த வார எண்ட்ரி எல்லாம் போய்விடும். டி டிரைவில் சோதனைக்கென்று புது ஃபோல்டர் போட்டு அதில் ஏற்றுங்கள், முடிந்தால் வேறு கணினியில்.

உங்கள் ஊரில் இரண்டு விஷயம் கூடுதலாகப் படுத்தும், பஞ்சும் கரண்டும். தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் பறக்கும் பஞ்சு டிரைவின் தட்டு வழியாக உள்ளே போய் லென்ஸ் மேல் படியும். எழுத ஆரம்பிக்கும்போதே 'பவர் காலிபரேஷன் எரர்' (லேசரின் வலுவைச் சரியாக அமைக்க முடியவில்லை) என்று நின்றால், வட்டைக் குறை சொல்லும் முன் லென்ஸைச் சந்தேகியுங்கள். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும். சுத்தம் செய்தபின் வேறு நல்ல வட்டிலும் அதே பிழை வந்தால் லேசர் வலுவிழந்துவிட்டது, டிரைவை மாற்ற வேண்டியதுதான். வட்டில் பஞ்சு படிந்தால், மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும், பிழை திருத்தத்தால் அதைத் தாங்க முடியாது. பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே கூடாது, வட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வெளுத்துவிடும். கரண்டுக்கு, கணினியோடு யுபிஎஸ் இருந்தால் அரைமணி நேரமாவது தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாங்காவிட்டால் லேப்டாப்பில் வெளி டிரைவை மாட்டி எழுதுங்கள். மெல்லிய வெளி டிரைவ் சுற்ற ஆரம்பிக்கும்போது அதிக மின்சாரம் இழுக்கும். பழைய யுஎஸ்பி போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும் என்பதால், இரட்டைத் தலை வயர் இருந்தால் இரண்டையும் செருகுங்கள். எழுதும் நடுவில் கரண்ட் போன வட்டைத் தூக்கிப் போட வேண்டாம், பெரும்பாலும் முழுமையாக அழித்தால் மீண்டு வரும்.

இனி ஆண்டுக் கணக்கு. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டும். ஆறு ஆண்டு என்பது நான் மேலே சொன்ன ஐந்தாண்டு எல்லையைத் தாண்டுகிறது. ஆகவே மார்ச்சில் மூடிய கணக்கை ஒருமுறை எழுதும் டிவிடி-ஆர் வட்டு இரண்டில், முடிந்தால் வேறு வேறு நிறுவன வட்டுகளில் எழுதி, கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள். கூலி பாக்கி, துணி தகராறு என்று வழக்குக்குப் போகக்கூடிய பதிவு எதுவானாலும் ஆர்டபிள்யூ வட்டில் கொடுக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழில், ஃபைலின் ஹாஷ் எண்ணை, அதாவது ஃபைலில் ஓரெழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை, குறிக்க வேண்டும். மாற்றி எழுத முடியாத வட்டும் அந்த எண்ணும் சேர்ந்திருந்தால், திருத்திவிட்டீர்கள் என்ற எதிர்வாதத்துக்குப் பதில் சொல்வது எளிது. சான்றிதழை எப்படி எழுதுவது என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை அல்ல.

வீடியோவுக்கு இந்த வட்டுகள் சரிவராது. இன்றைய கல்யாண வீடியோ ஒன்றே பல பத்து ஜிபி வரும், அதைத் துண்டு துண்டாக டிவிடியில் போட்டால் ஒரு வட்டு போனாலும் நடுவில் ஓட்டை விழும். இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வீட்டில் என்பது மலிவும் பத்திரமும் ஆகும். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்கேன் சிடி இருந்தால் அதையும் இப்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்கலாமா என்றால், வேண்டாம். இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஒரு காலத்தில் தன் வட்டுகளால் நம் ஊர்க் கடைகளை நிறைத்த மோசர் பேர் நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. சோனி பதிவு செய்யும் புளூ-ரே வட்டுத் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்தியது. கோவை காந்திபுரத்தில் தேடினால் இன்னும் கிடைக்கும், ஆனால் எந்த வருஷத்துச் சரக்கு என்று கேட்டு வாங்குங்கள். டப்பாவின் மேல் உள்ள பெயரை வைத்து யார் செய்தது என்று சொல்ல முடியாது. வட்டை டிரைவில் போட்டு இம்ஜ்பர்னில் பார்த்தால், உண்மையில் செய்த நிறுவனத்தின் குறியீடு தெரியும். புளூ-ரேயின் அழித்து எழுதும் வகை 25 ஜிபி பிடிக்கும். ஆனால் 2 மடங்கு வேகத்தில் எழுதவே 45 நிமிடம் ஆகும், அதற்குத் தனி டிரைவும் வேண்டும். உங்கள் கணக்கு அளவுக்கு அது தேவையே இல்லை.

உங்கள் டப்பா உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மேலே இருக்கும் மூன்று, நடுவில் மூன்று, அடியில் மூன்று என ஒன்பது வட்டுகளை எடுத்து, முழுவதும் எழுதி, சரிபார்த்துப் பாருங்கள். ஒன்பதும் தேறினால் டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தவறினால் அந்த அடுக்கை மட்டும் முழுதாகச் சோதியுங்கள். மூன்றுக்கு மேல் தவறினால் வேறு டிரைவில் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கேயும் அப்படியே என்றால் டப்பாவைக் கணக்குக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கழித்த வட்டை அப்படியே எறியாதீர்கள். விரைவு முறையில் அழித்ததில் பில்லும் வங்கி எண்ணும் அப்படியே உள்ளே இருக்கும், மீட்டெடுக்க மென்பொருள் உண்டு. மைனஸ் வட்டை முழுமையாக அழியுங்கள், பிளஸ் வட்டின் மேல் முழுக் கொள்ளளவுக்கு வேறு ஏதாவது ஃபைலை எழுதி நிரப்புங்கள். டிரைவ் ஏற்றுக்கொள்ளாத வட்டென்றால் தடித்த கத்தரியால் நான்காக வெட்டுங்கள். சில்லு தெறிக்கும், துணிப்பைக்குள் விட்டு வெட்டுங்கள். துண்டுகளைச் சருகோடு சேர்த்து எரிக்காமல், மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.